இரண்டு கப்பி மீன்கள்



சென்ற கோடையில், சின்னாளப்பட்டியில் தறிவேலை குறைந்ததால் திருப்பூருக்குக் குடிபெயர்ந்த குடும்பம் ஒன்றை நீங்கள் அறிவீர்கள். புறப்படும் நாளில் அவ்வீட்டுச் சிறுவன், தன் இரண்டு கப்பி மீன்களை ஒரு பாட்டிலில் கொண்டுவந்து, "பாஸ்டர் ஐயா, பாத்துக்கங்க" என்று என் கையில் கொடுத்தான். பத்தாம் நாளில் இரண்டும் இறந்தன. குற்றம் என்னுடையது.

டயானா வால்ஸ்டாட் என்னும் அமெரிக்கப் பெண்மணி 1999-இல் வெளியிட்ட நூலொன்றின் வழியாய்ப் பரவிய முறையில் தொட்டி அமைக்க விரும்பினேன். அடியில் ஓரங்குலத் தோட்டமண், அதன்மேல் மணல், தொடக்கத்திலேயே நிறையச் செடிகள், குறைவாய் மீன்கள். அவ்வளவுதான். நானோ சத்து மிகுந்தால் செழிப்பும் மிகும் என்றெண்ணி, தொழுவுரம் கலந்த மண்ணை நான்கு அங்குலம் இட்டேன். செடிகளோ நான்கே தண்டுகள். வேர் பிடித்ததா என்று தினமும் பிடுங்கிப் பார்த்தேன். முதல் நாள் மாலையிலேயே மீன்களையும் விட்டுவிட்டேன். உரம் மட்கி அம்மோனியா பெருகிற்று. அதற்கு நிறமில்லை, நீர் தெளிவாகவே தோன்றியது. மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சுக்குத் தவித்ததைப் பசி என்று எண்ணி இன்னும் இரை தூவினேன்.

மறுபடியும் தொடங்கினேன். சிறுமலை அடிவாரத்துச் செம்மண், உரம் சேராதது. சலித்து ஓரங்குலம் பரப்பி, கழுவிய பருமணலால் மூடினேன். கண்மாயிலிருந்து வேலம்பாசியும், கடையிலிருந்து வாலிஸ்நேரியாவும் நெருக்கமாய் நட்டேன். நம் ஆழ்துளைக் கிணற்றுக் கடினநீர் இவ்விரண்டுக்கும் ஒத்துப்போகும். பாசியோடு நத்தைகள் இலவசமாய் வந்தன.

முதல் வாரம் நீர் கலங்கிற்று. இரண்டாம் வாரம் வாலிஸ்நேரியாவின் இலைகள் அழுகின. "கொட்டிவிடலாமே" என்றாள் மனைவி. எனக்கோ கை துறுதுறுத்தது. அம்மோனியாவைச் செடிகள் உணவாய் உறிஞ்சும். எஞ்சியதை நுண்ணுயிர்கள் நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றும். அந்த நுண்ணுயிர்கள் பெருக வாரக்கணக்கில் ஆகும். மாற்கு 4-ஆம் அதிகாரத்திலுள்ள, தானாய் முளைக்கும் விதையின் உவமையைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். விதைத்தவன் தூங்கப் போனதைப் பற்றி ஒருமுறையும் பேசியதில்லை.

மூன்றாம் வாரம் மணலுக்கு மேல் ஓர் ஓடுதண்டு புதுக் கன்றை ஈன்றது. ஆறாம் வாரம் சோதனை மருந்து பச்சையாகாமல் மஞ்சளாகவே நின்றது. அதன்பின்பே திண்டுக்கல்லில் கப்பி மீன்கள் வாங்கினேன்.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அச்சிறுவன் வந்தான். தொட்டியருகே போகுமுன் அவனை நிறுத்தி, "தம்பி, இவை உன் மீன்களல்ல. உன்னுடையவை என் அவசரத்தால் செத்துப்போயின" என்றேன். வெகுநேரம் பேசாதிருந்தான். மண்ணையும் உரத்தையும் பற்றி நான் விளக்கத் தொடங்கியதும், "எங்க வீட்டு வாளில மண்ணே கிடையாதே ஐயா, பாசி மட்டுந்தான். நல்லாத்தானே இருந்துச்சு" என்றான்.

புறப்படும்போது இரண்டு குஞ்சுகள் கேட்டான். வேலம்பாசித் தண்டு ஒன்றையும் பாட்டிலில் சேர்த்துக் கொடுத்தேன்.