கல்லாப்பெட்டியும் கம்ப்யூட்டரும்

கடையில் வேலை தாமதமானால், பழி முதலில் விழுவது கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் தலையில்தான். அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

எங்கள் அப்பா மன்னார்குடியில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, புதுமனை புகுவிழா, கருமாதி கார்டு எல்லாவற்றுக்கும் டிசைன் செய்து கொடுப்பார். கையால் அச்சுக்கோத்த காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் இருப்பவர். தாய்மாமன் பெயர் எந்த வரியில் வர வேண்டும், எந்த வீட்டுப் பெரியவரை விட்டுவிட்டால் சண்டை வரும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

2019-ல் ஆவணி முகூர்த்தங்கள் நெருங்கிய சமயம். "பெரியவருக்கு முன்ன மாதிரி வேகம் இல்லை" என்று கடைக்கு வந்தவர்கள் பேச ஆரம்பித்திருந்தார்கள். நாலு கடை தள்ளி இரண்டு இளைஞர்கள் புதிதாக டிசைனிங் கடை போட்டிருந்தார்கள். எங்கள் பழைய வாடிக்கையாளர்கள் சிலர் அந்தப் பக்கம் போகத் தொடங்கினார்கள். அதைவிட வேதனை, அப்பாவே அந்தப் பேச்சை நம்ப ஆரம்பித்ததுதான்.

"எனக்கும் கை ஓடலைம்மா. இந்த சீசனோட கடையை மூடிடலாம்னு பார்க்கிறேன்" என்றார் போனில்.

தம்பிக்கு வேறு யோசனை. "அக்கா, கடன் வாங்கியாவது புது கம்ப்யூட்டர் போட்டுடலாம். நாற்பதாயிரம் ஆகும்" என்றான். மூடப்போகிறேன் என்று சொல்லும் கடைக்கு நாற்பதாயிரம் கடனா? நான் இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போனேன்.

ஒரு நாள் முழுக்க அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன். அவர் கை நன்றாகவே ஓடியது. டைப் அடிக்கும் வேகத்தில் குறைச்சலே இல்லை. காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்தால் வேலைக்குத் தயாராக நாலு நிமிடம். டிசைன் சாஃப்ட்வேரைத் திறக்க ஒன்றரை நிமிடம். பழைய பத்திரிகை ஒன்றைத் தேடி எடுக்க இன்னும் கொஞ்ச நேரம். எதிரே நிற்பவர் கண்ணுக்குத் தெரிந்தது, மௌஸைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர்தான்.

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். டாஸ்க் மேனேஜர் திறந்தது. பிராசஸர் பத்து சதவீதம்கூட வேலை செய்யவில்லை. 8 ஜி.பி. ராமில் பாதி காலியாக இருந்தது. 'டிஸ்க்' என்ற இடத்தில் மட்டும் 100 சதவீதம் என்று சிவந்து நின்றது.

மூளை சும்மா இருக்கிறது, சரக்கு எடுத்துக்கொடுக்கும் ஆள்தான் திணறுகிறார் என்று அர்த்தம்.

ஹார்ட் டிஸ்க்குக்குள் ஒரு தட்டு சுழலும். கடை கம்ப்யூட்டரில் இருந்தது நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் வகை. கேட்க வேகமாகத்தான் தோன்றும். ஆனால் ஒரு தகவலை எடுக்க, அதைப் படிக்கும் முனை சரியான இடத்துக்கு நகர வேண்டும். பிறகு அந்த இடம் சுற்றிக்கொண்டு முனைக்குக் கீழே வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் அதிகமாகிவிடும். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் துண்டுகள் என்றால், நொடிக்குச் சுமார் 80 துண்டுகளைத்தான் எடுக்க முடியும்.

அப்பாவின் கம்ப்யூட்டரில் தமிழ் எழுத்துருக்கள் மட்டும் அறுநூறுக்கு மேல் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சின்ன ஃபைல். டிசைன் சாஃப்ட்வேர் திறக்கும்போது அத்தனையையும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வரும். ஒன்றரை நிமிடம் எங்கே போனது என்பது புரிந்தது.

எங்களுக்கு சர்வீஸ் செய்யும் பையனைக் கூப்பிட்டேன். மூடியைக் கழற்றிப் பார்த்தவன், "அக்கா, இது 2017-ல வாங்கின ஏழாம் தலைமுறை போர்டு. எம்.2 ஸ்லாட் காலியா இருக்கு. 16 ஜி.பி. ஆப்டேன் போட்டுப் பார்க்கலாம். மூவாயிரத்துக்குள்ள முடிஞ்சிடும்" என்றான்.

"16 ஜி.பி. ராமா?" என்று தம்பி கேட்டான். பலருக்கும் வரும் குழப்பம் இது. ராம், கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும். ஆப்டேன் மறக்காது. 2015-ல் இன்டெலும் மைக்ரானும் சேர்ந்து அறிவித்த 'த்ரீடி கிராஸ்பாயின்ட்' என்ற புது வகை நினைவகம் அதில் இருக்கிறது. சுழலும் தட்டு கிடையாது, நகரும் முனை கிடையாது. ஹார்ட் டிஸ்க்குக்குத் துணையாக வைப்பதற்கென்றே 2017 ஏப்ரலில் 16, 32 ஜி.பி. அளவுகளில் சின்னச் சின்ன அட்டைகளாக விற்பனைக்கு விட்டார்கள்.

"இதுக்குப் பேரு கேஷ் மெமரி சார்" என்றான் பையன்.

அப்பா சிரித்தார். "கேஷா? அப்போ நம்ம கல்லாப்பெட்டி மாதிரின்னு சொல்லு."

அவர் விளையாட்டாகச் சொன்னாலும் உவமை கச்சிதமாகப் பொருந்தியது. பணமெல்லாம் பேங்கில் இருக்கிறது. அதற்காக ஒவ்வொருவருக்கும் சில்லறை கொடுக்க பேங்குக்கா ஓடுகிறோம்? அன்றாடம் புழங்குவதைக் கல்லாவில் வைத்துக்கொள்கிறோம். ஹார்ட் டிஸ்க் பேங்க் என்றால், ஆப்டேன் கல்லா. அடிக்கடி தேவைப்படுவது எது என்று கவனித்து, அதைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும்.

உண்மையில் அந்த 'கேஷ்' வேறு, இந்த 'கேஷ்' வேறு. கம்ப்யூட்டர் கேஷ், 'மறைத்து வை' என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. யோசனையும் பழையதுதான். 1965-லேயே கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மாரிஸ் வில்க்ஸ் இதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். 1968-ல் ஐ.பி.எம். அறிவித்த 360/85 என்ற பெரிய கம்ப்யூட்டரில் கேஷ் இருந்தது. 2007-ல் வந்த விண்டோஸ் விஸ்டாவில் ஒரு பென் டிரைவைச் செருகி, அதையே கேஷாகப் பயன்படுத்தும் வசதியும் இருந்தது.

சின்னதாக ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கி விண்டோஸை அதற்கு மாற்றியிருக்கலாமே என்று கேட்பீர்கள். மாற்றியிருக்கலாம். ஆனால் பழைய சாஃப்ட்வேர், அறுநூறு எழுத்துரு, அப்பாவின் கை பழகிய கீபோர்டு அமைப்பு எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிச் சரிபார்க்க இரண்டு நாள் வேண்டும். முகூர்த்த சீசன் நடுவில் இரண்டு நாள் கடையை மூட முடியாது. ஆப்டேனுக்கு அந்தத் தொல்லை இல்லை. இருக்கும் டிஸ்க் இருந்தபடியே இருக்கும்.

அட்டையைப் பொருத்தி, இன்டெல் சாஃப்ட்வேரில் ஆன் செய்து, ரீஸ்டார்ட் செய்ய அரை மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் தடவை பெரிய வித்தியாசம் தெரியவில்லை. தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தான். கல்லாவில் இன்னும் சில்லறை சேரவில்லை, அவ்வளவுதான். மறுநாள் காலை மூன்றாவது தடவை ஆன் செய்தபோது ஒரு நிமிடத்துக்குள் தயாராகிவிட்டது. டிசைன் சாஃப்ட்வேர் இருபது நொடியில் திறந்தது.

அன்று மதியம் வடுவூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெண்ணின் அப்பா சொல்லச் சொல்ல, அப்பா அடித்துக்கொண்டே போனார். அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் புரூஃப் கையில் இருந்தது. அந்த சீசனோடு கடையை மூடும் பேச்சு எழவே இல்லை.

இதனால் எல்லாமே வேகமாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். பென் டிரைவிலிருந்து பெரிய போட்டோ ஃபோல்டரை காப்பி செய்ய, முன்பு ஆன நேரமே ஆனது. மூன்று வருடத்துக்கு முந்தைய பத்திரிகையைத் திறந்தால், அது டிஸ்க்கிலிருந்துதான் வர வேண்டும். இடமும் கூடாது. 1 டெராபைட் டிஸ்க் 1 டெராபைட்டாகத்தான் காட்டும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கையும் உண்டு. விஸ்டா கால பென் டிரைவை எப்போது வேண்டுமானாலும் பிடுங்கலாம், அதில் இருப்பது வெறும் நகல். ஆப்டேன் அப்படி இல்லை. கடைசியாக சேவ் செய்தது இன்னும் டிஸ்க்குக்குப் போகாமல் அந்த அட்டையில் மட்டும் இருக்கலாம். அதனால் அட்டையையோ டிஸ்க்கையோ கழற்றுவதற்கு முன் சாஃப்ட்வேரில் ஆப்டேனை 'டிசேபிள்' செய்தே ஆக வேண்டும். 2021-ல் எங்கள் டிஸ்க் சத்தம் போட ஆரம்பித்தபோது அப்படித்தான் செய்தோம். முதலில் டிசேபிள், அடுத்து பேக்கப், அதன் பிறகு புது எஸ்.எஸ்.டி.

இன்று நீங்கள் ஆப்டேன் தேடி அலைய வேண்டியதில்லை. அந்தத் தொழிலை முடித்துக்கொள்வதாக இன்டெல் 2022-ல் அறிவித்துவிட்டது. ஆன்லைனில் பழைய அட்டைகள் மலிவாகக் கிடைத்தாலும் அவசரப்பட வேண்டாம். ஏழாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய இன்டெல் பிராசஸர்களில் ஆப்டேனை ஆதரிக்கும் ஒன்றும், அதற்கேற்ற போர்டும் இருந்தால்தான் அது கேஷாக வேலை செய்யும். எம்.2 ஸ்லாட் இருப்பது மட்டும் போதாது. பழைய கம்ப்யூட்டர் என்றால், ஹார்ட் டிஸ்க் இணைக்கும் அதே சாட்டா வயரில் மாட்டும் எஸ்.எஸ்.டி. வாங்கி விண்டோஸை அதில் ஏற்றுங்கள். போட்டோ, வீடியோவெல்லாம் பழைய டிஸ்க்கிலேயே இருக்கட்டும். எதைச் செய்வதாக இருந்தாலும் முதலில் பேக்கப். கேஷ் ஒருநாளும் பேக்கப் ஆகாது.

செலவு செய்யும் முன் எது காக்கவைக்கிறது என்று பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றால் புது பிராசஸருக்குக் காசு கொட்ட வேண்டாம். ராம்தான் நிரம்பி வழிகிறது என்றால் ராம் போடுங்கள். இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும், மெக்கானிக்கூடத் தேவையில்லை.

உங்கள் வீட்டிலும் அப்பாவோ அம்மாவோ, "எனக்கு இதெல்லாம் வரலைப்பா, நீயே பண்ணிடு" என்று கம்ப்யூட்டரை விட்டு எழுந்துபோகிறவராக இருக்கலாம். அவர்கள் உட்கார்ந்த அதே நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்து, டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள்.