மூட்டையும் டப்பாவும்

ஒழுங்கு என்பது தேடுகிறவனின் வசதி. குழந்தை தேடுவதில்லை, துழாவுகிறது. துழாவும்போது கிடைத்தது எதுவோ அதுவே அதற்கு வேண்டியதாகிவிடுகிறது.

1901இல் லிவர்பூலின் ஃபிராங்க் ஹார்ன்பி காப்புரிமை பெற்ற மெக்கானோவின் வழிவந்த துளைத் தகடுகள், நட்டு, போல்ட்டு; 1958இல் இன்றைய வடிவத்துக்கு வந்த லெகோ கட்டைகள்; இவற்றோடு சொப்பு, சோழி, புளியங்கொட்டை. எங்கள் வீட்டுத் தரையில் இவ்வளவும் உண்டு. பெரியவர்களுக்கு முதலில் தோன்றுவது நிறவாரியாகப் பிரிப்பது. பார்க்க அழகு, பயன் குறைவு. சிவப்புக் குவியலில் ஒரு சிறிய சிவப்புத் துண்டு மறைந்துபோகும். வடிவவாரியாகப் பிரித்தால் நிறம் தானாகக் கண்ணில் படும். தட்டையானவை ஹார்லிக்ஸ் பாட்டிலில், சக்கரங்கள் முறுக்கு டின்னில், நட்டும் போல்ட்டும் பழைய அஞ்சறைப் பெட்டியில். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் சிறியவை அனைத்தும் மூடியுள்ள டப்பாவில், எட்டாத உயரத்தில். இதில் விவாதமில்லை.

ஆனால் பிரிப்பது என்றால் என்ன?

நெய்வேலிக்காரனுக்கு இது தினசரி விஷயம். 1956இல் கார்ப்பரேஷன் அமைந்து, 1961இல் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. சக்கரத்தில் வாளிகள் பொருத்திய ராட்சத இயந்திரங்கள் மண்ணை வெட்டுகின்றன. கன்வேயர் பெல்ட் அதைக் கொண்டுபோய் வேறிடத்தில் கொட்டுகிறது. அடியில் நிலக்கரி. வேண்டியது, வேண்டாதது என்று இரண்டே டப்பாக்கள். வேண்டாததற்கு மேல்மண் என்று பெயர். நிலக்கரியின் பக்கம் நின்று பார்த்தால்தான் அது மேல்மண். அதன்மேல் உழுதவனுக்கு அது நிலம்.

டவுன்ஷிப்பும் அறை பிரித்த பெட்டிதான். எண்ணிட்ட பிளாக்குகள், பதவிக்குத் தக்க குவார்ட்டர்ஸ். வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டிய ஊரில் பரணும் தாற்காலிகம். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்ற கணக்கு மனசின் ஒரு மூலையில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஒரு நாள் மகள் சோழி, சக்கரம், சோடா மூடி, தலை போன சொப்பு எல்லாவற்றையும் ஒரே குவியலாக வைத்திருந்தாள். இவை எப்படி ஓரினம் என்று கேட்டேன். “இதுங்க எல்லாம் நைட் ஷிஃப்டுப்பா” என்றாள். வடிவமும் நிறமும் இல்லாத ஒரு வகைப்பாடு. ஆனால் வகைப்பாடுதான், சந்தேகமில்லை. எந்த டப்பாவில் போட்டாலும் அது கலைந்துவிடும்.

வால்டர் பெஞ்சமினின் ‘ஒருவழிப் பாதை’யில் (1928) ஒழுங்கில்லாத குழந்தையைப் பற்றி ஒரு சிறு பகுதி உண்டு. குழந்தையின் இழுப்பறையைச் சுத்தம் செய்வது அது கட்டிவைத்ததை இடிப்பது என்கிறார். நாம் குப்பையைக் காணும் இடத்தில் குழந்தை ஆயுதமும் பொக்கிஷமும் வைத்திருக்கிறது.

வீட்டில் கண்ட வழி எளிது. பழைய நூல்புடவை ஒன்றை விரித்து அதன்மேல் விளையாடச் சொல்வது. இரவில் நான்கு முனைகளையும் சேர்த்தால் மூட்டை. கூடம் சுத்தமாகிறது. ஒன்றோடொன்று கிடந்தவை உள்ளே கொஞ்சம் உருண்டாலும் ஒன்றாகவே இருக்கின்றன. யாரும் வேண்டியது, வேண்டாதது என்று தீர்ப்புச் சொல்லவில்லை. தேடுவதற்கு மூட்டை உதவாது என்பது உண்மை. துழாவுவதற்கு அதைப்போல் வேறில்லை.

முடிச்சை மட்டும் தளர்வாகப் போட வேண்டும். காலையில் அதை அவிழ்க்கப்போவது சின்ன விரல்கள்.