இரண்டு பாட்டு

1979-ல் கொல்கத்தாவிலிருந்து ஒரு சின்ன ரெக்கார்டு வந்தது. அதில் இரண்டே பாட்டு. ஒன்றின் பெயர் 'சொய்த்ரேர் காஃபோன்', இன்னொன்று 'ஏய் ஷுரே பொஹு தூரே'. ரெக்கார்டின் தலைப்பு 'த்ரிஷ்யோமான் மொஹினேர் கோராகுலி'. த்ரிஷ்யோமான் என்றால் கண்ணுக்குத் தெரிகிற என்று பொருள். கண்ணுக்குத் தெரியும் மொஹினின் குதிரைகள். அதற்குப் பிறகு அந்தக் குதிரைகள் யார் கண்ணுக்கும் தெரியவில்லை. 1981 வாக்கில் குழு கலைந்துபோனது.

மொஹினேர் கோராகுலி வங்காள மொழியின் முதல் ராக் குழு என்று சொல்லப்படுவது. 1970களின் நடுவில் ஏழு பேர் சேர்ந்தார்கள். கௌதம் சட்டோபாத்யாய் மூத்தவர். நக்சல்பாரி இயக்கத்தோடு இருந்து சிறைக்குப் போய்வந்தவர். அவருடைய தம்பிகள் இரண்டு பேர், பிரதீப்பும் பிஸ்வநாத்தும். உறவுக்காரர் ரஞ்சன் கோஷால். வயலினும் பியானோவும் வாசித்த ஆபிரகாம் மஜும்தார். தாபஸ் தாஸ், தாபேஷ் பந்தோபாத்யாய். பெயர் வைத்த கதை தனி. ஒன்றிரண்டு பெயர்களைப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் ஜீபனானந்த தாஸின் 'கோரா' கவிதையிலிருந்து எடுத்தார்கள். மொஹின் யார் என்று கவிதையும் சொல்லாது, குழுவும் சொன்னதில்லை.

1977, 1978, 1979 என்று வருஷத்துக்கு ஒன்றாக மூன்று ரெக்கார்டு. எதுவும் பெரிய எல்பி இல்லை. பாவுல் பாட்டு, ஜாஸ், டிலன் எல்லாம் ஒரே பானையில் கொதித்தன. இரண்டாவது ரெக்கார்டின் பெயரே 'அடையாளம் தெரியாத பறக்கும் பொருள்'. ரவீந்திர சங்கீதமும் சினிமாப் பாட்டும் கேட்டுப் பழகிய ஊருக்கு அந்தப் பெயர் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும். பெரும்பாலானவர்கள் வானத்தைப் பார்த்துவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

எனக்கு இவர்களை அறிமுகப்படுத்தியவர் எங்கள் டீமில் இருந்த ஒரு வங்காளி அண்ணன். ஆபீஸ் பரனூரில், நான் செங்கல்பட்டு. சாயங்காலம் பரனூர் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது பேசிப் பழக்கம். அவரை எல்லோரும் தாதா என்போம். முதல் வாரத்திலேயே அவர் கேட்டார், "எங்க ஊர்ல தாதான்னா அண்ணன். நீங்க கூப்பிடும்போது மட்டும் பக்கத்துல இருக்கிறவங்க ஏன் ஒரு மாதிரி பாக்கறாங்க?" தமிழ் சினிமாவில் தாதா என்றால் யார் என்று விளக்கினோம். அதன்பிறகு அவரே தன்னை அப்படி அறிமுகப்படுத்திக்கொள்ள ஆரம்பித்தார்.

ஒருநாள் நான் 'பீகி பீகி' பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். 2006-ல் வந்த 'கேங்ஸ்டர்' படப் பாட்டு. எங்கள் இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் இந்தி தெரியாதவனும் அதைப் பாடுவான். கிடார் கற்றுக்கொள்ளும் எவனும் மூன்றாவது வாரத்தில் அதைத்தான் வாசிப்பான். தாதா நின்றுவிட்டார். "இது எங்க பாட்டுடா" என்றார். வங்காளிகள் எதையும் எங்களுடையது என்பார்கள் என்று சிரித்தேன். அவர் போனை எடுத்து 'ப்ரிதிபிடா நாகி' போட்டார். 1995-ல் வந்த பாட்டு. கேபிள் டிவி வந்த காலத்தில், உலகம் சுருங்கிச் சுருங்கி வரவேற்பறைப் பெட்டிக்குள் அடங்குவதைப் பற்றியது. இந்தியில் அதே மெட்டு, ஈர இரவுகளில் காதலியை நினைத்து உருகும் பாட்டாகியிருந்தது. அதைப் பாடியவர் ஜேம்ஸ், பங்களாதேஷின் ராக் பாடகர். மெட்டு கொல்கத்தாவிலிருந்து பம்பாய் போய், டாக்காக்காரர் குரலில், தமிழ்நாட்டில் ஒரு ஹாஸ்டல் மொட்டைமாடிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அதைக் கேட்ட எங்கள் யாருக்கும் குதிரைகளின் பெயர் தெரியாது.

இங்கே கொஞ்சம் தூரம் போய் வரலாம். கொல்கத்தாவில் இவர்கள் கூடிக்கொண்டிருந்த காலத்தில் இஸ்ரேலில் காவெரெத் என்று ஒரு குழு முடிவுக்கு வந்துகொண்டிருந்தது. காவெரெத் என்றால் ஹீப்ருவில் தேன்கூடு. அதிலும் ஏழு பேர். அவர்களுக்கும் மூன்று ஸ்டூடியோ ஆல்பம், 1973, 1974, 1975. கடைசி ஆல்பத்தின் பெயர் 'த்ஸாஃபூஃப் பாஓஸென்', காதுக்குள் நெரிசல் என்று மொழிபெயர்க்கலாம். 1976-ல் பிரிந்தார்கள்.

பொறியாளன் புத்திக்கு இப்படி எண்கள் பொருந்தினால் ஒரு குதூகலம் வரும். ஆனால் என்னை யோசிக்க வைத்தது பொருந்தாத இடம். 1974-ல் காவெரெத் யூரோவிஷன் போட்டியில் ஹீப்ருவிலேயே பாடி ஏழாவது இடம் பெற்றது. ஆப்பா வென்ற அதே போட்டி. அவர்களுடைய மொழி வீட்டுப் பேச்சாக மறுபடி உயிர்பெற்று நூறு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. பேசுகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் பேரும் கேட்டார்கள். பிரிந்த பிறகு 1984-ல் திரும்பக் கூடியபோது பெருங்கூட்டம் வந்தது. வங்காளம் பேசுகிறவர்கள் அதைப் போலப் பல மடங்கு. மொஹினின் குதிரைகளுக்கு மேயப் புல் கிடைக்கவில்லை.

மொழி பெரியதா சிறியதா என்பதில் இல்லை போல விஷயம். அந்த மொழிக்குள் பாட்டு உட்கார ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதா என்பதில் இருக்கிறது. புது மொழி, புது நாடு, ஹீப்ருவில் நாற்காலிகள் காலியாக இருந்தன. கொல்கத்தாவில் தாகூர் உட்கார்ந்திருந்தார். நம் ஊரில் எல்லா நாற்காலியும் சினிமாவுக்கு. 1976-ல் 'அன்னக்கிளி' வந்தது. கிடாரும் பேஸும் ட்ரம்ஸும் தமிழ் வீடுகளுக்குள் இளையராஜா வழியாகத்தான் அதிகம் நுழைந்தன. அது பெரிய வரம். ஆனால் ராஜாவே எல்லாம் செய்துவிட்ட ஊரில் நாலு பசங்க சேர்ந்து தமிழில் பாட்டு எழுதினால் முதல் கேள்வி, "எந்தப் படம்?"

அந்தக் கேள்வியை நான் நேரில் கேட்டிருக்கிறேன். என் ஹாஸ்டல் நண்பன் ஒருவன் பாட்டு எழுதுவான், பாடுவான். நல்ல குரல். பெரிய குரல் இல்லை, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. படிப்பு முடிந்த வருஷம் பூஞ்சேரியில் அவன் மாமா வீட்டு மாடியில் நாலு பேர் கூடி இரண்டு பாட்டைப் பதிவு செய்தோம். கடன் வாங்கிய மைக், லேப்டாப், ஜன்னலுக்குப் போர்வை. அப்படியும் பக்கத்துச் சிற்பக்கூடத்தின் சத்தம் உள்ளே வந்துவிட்டது. மாமல்லபுரத்தைச் சுற்றி எங்கே போனாலும் அந்தச் சத்தம் உண்டு. முதல் பாட்டின் இரண்டாவது சரணத்தில் கல் அறுக்கும் மிஷின் கேட்கும். இரண்டாவது பாட்டு முழுக்க உளிச் சத்தம். ஒரு கட்டத்தில் உளி தாளத்தோடு சேர்ந்துகொள்ளும். அது தற்செயல்தான். ஆனாலும் ஒவ்வொரு முறையும் எனக்குச் சிலிர்க்கும்.

பத்துப் பாட்டு சேர்த்து ஆல்பம் போடுவதாகத் திட்டம். ஒருவன் ஹைதராபாத் போனான், ஒருவன் ஆன்சைட் போனான், எனக்கு ஷிஃப்ட். யாரும் நிறுத்தவில்லை, அது தானாக நின்றது. மூன்று வருஷம் முன்னால் நண்பனுக்குத் தைராய்டில் கட்டி வந்து ஆபரேஷன் ஆனது. ஆள் பிழைத்தான், நல்லபடியாக இருக்கிறான். ஆனால் குரல் மாறிவிட்டது. பேசலாம், கொஞ்ச நேரம். பாட முடியாது. அவனுடைய பாடும் குரல் இப்போது இரண்டு கோப்புகளாக என் ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. அன்று அந்த மாடியில் யாருக்கும் அது கடைசி ஆல்பம் என்று தெரியாது.

போன வருஷம் அவனிடம் சொன்னேன், "டேய், அந்த ரெண்டையும் யூடியூப்ல போட்டுடலாமா?"

"வேணாம் மச்சான். அழிச்சிடு."

"ஏன்டா?"

"அது முடியாத வேலை. மிஷின் சத்தம் வேற. நான் இப்படித்தான் பாடினேன்னு அது நிக்கணுமா?"

நான் அழிக்கவில்லை. வெளியிடவும் இல்லை. அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. குரல் அவனுடையது.

மாமல்லபுரத்தில் வளர்ந்தவனிடம் முடியாத வேலை என்றால் அவமானம் என்று எப்படிச் சொல்ல வைத்தது இந்தக் காலம் என்றுதான் யோசித்தேன். அந்த ஊரே முடியாத வேலைகளின் ஊர். ஐந்து ரதங்களில் வேலை பாக்கி இருக்கிறது, கூட்டம் அதைக் கவனிப்பதில்லை. வலையன்குட்டை ரதம், பிடாரி ரதங்கள் பாதியில் நிற்கின்றன. அர்ஜுனன் தபசு என்று நாம் படம் எடுத்துக்கொள்ளும் பெரும்பாறைக்குத் தெற்கே, கொஞ்ச தூரத்தில் இன்னொரு தபசு இருக்கிறது. அதுவும் முடியாதது. உருவங்கள் கல்லிலிருந்து பாதி வெளியே வந்து நிற்கின்றன. ஏன் விட்டார்கள் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். ஆனால் பல்லவச் சிற்பி எப்படி வேலை செய்தான் என்று நாம் கற்றுக்கொண்டது அந்தப் பாதிப் பாறைகளிலிருந்துதான். முழுதாக முடிந்த சிற்பத்தில் உளித்தடம் தேய்ந்துபோயிருக்கும்.

மொஹினின் குதிரைகளின் கடைசி ரெக்கார்டை அப்படித்தான் கேட்கிறேன். சைத்ரம் வங்காள வருஷத்தின் கடைசி மாதம், நமக்குப் பங்குனி. காஃபோன் என்றால் பிணத்துக்குப் போர்த்தும் துணி. பங்குனியின் கோடித்துணி என்று பெயர் வைத்த பாட்டு கடைசி ரெக்கார்டில் இருப்பதைப் பார்த்தால், தெரிந்தே விடைபெற்றார்கள் என்று எழுதத் தோன்றும். அது நாம் பின்னாலிருந்து போடும் கணக்கு. அந்த ரெக்கார்டு வந்த பிறகும் அவர்கள் மேடையேறினார்கள். முடியப்போகிறவர்கள் போல அவர்கள் நடந்துகொள்ளவில்லை.

பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். ஆளுக்கொரு திசையில் போனார்கள். கௌதம் படம் எடுத்தார், 'நாக்மொதி'க்குத் தேசிய விருது கிடைத்தது. 1995-ல் அவர் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். பெயர் 'ஆபார் பொச்சோர் குரி போரே', மறுபடி இருபது வருஷம் கழித்து. அதுவும் ஜீபனானந்தரிடம் வாங்கிய தலைப்பு. அதில் பழைய குழு அப்படியே திரும்பி வரவில்லை. புதுக் குழுக்கள், இளம் பாடகர்கள் பாடினார்கள். கௌதம் தொகுப்பாளராக நின்றார். 'ப்ரிதிபிடா நாகி' அதில்தான் வந்தது. அடுத்த சில வருஷங்களில் இன்னும் தொகுப்புகள். 1999-ல் கௌதம் இறந்தார். தாபஸ் தாஸ் புற்றுநோய் முற்றிய நிலையிலும் மேடையேறினார், 2023-ல் போனார். வங்காளத்தில் இன்று கிடார் எடுக்கும் பையனுக்கு இவர்கள் பெயர் தெரியும்.

காவெரெத்துக்குத் திரும்பி வர அவர்களே போதும், ஊர் காத்திருந்தது. குதிரைகளுக்கு அது இல்லை. அவர்கள் பாட்டை வேறு குரல்களிடம் கொடுத்தார்கள். தன் குரல்தான் பாட்டு என்று பிடித்துக்கொண்டிருந்தால் 1979-ஓடு கதை முடிந்திருக்கும்.

இதை நண்பனிடம் சொன்னேன். உபதேசமாக இல்லை, கதையாக. செங்கல்பட்டில் கொளவாய் ஏரிக்கரை ஓரம் டீக்கடையில். அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். குரல் களைத்துவிடும் என்பதால் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. டீ குடித்து முடித்ததும், "அந்த ரெண்டு வேணாம்" என்றான் மறுபடியும். நான் சரி என்றேன்.

பத்து நாள் கழித்து வாட்ஸாப்பில் ஒரு போட்டோ வந்தது. பழைய நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம், அவன் கையெழுத்து. பல்லவியும் ஒரு சரணமும் பேனாவில் இருந்தன, இரண்டாவது சரணம் புதிதாகப் பென்சிலில். கீழே ஒரு வரி டைப் செய்திருந்தான்:

"மூணாவது பாட்டு. உங்க தாதாவுக்குத் தமிழ் வராது, வேற யாராவது பாடுறவங்க இருந்தா சொல்லு. ஸ்ருதி கொஞ்சம் இறக்கணும்."

ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன்.