இன்ஜினைத் தூக்கினால்தான் கிளட்ச்!

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டுக்குத் தெற்கே பத்து கிலோமீட்டர் போனால் அபிங்டன். தேம்ஸ் நதிக்கரையில் இருக்கும் சின்ன ஊர். சந்தைத் திடலில் 17-ம் நூற்றாண்டில் கட்டிய கவுன்ட்டி ஹால் நிற்கிறது. முடிசூட்டு விழா மாதிரி அரச குடும்பத்தில் விசேஷம் என்றால், அதன் மொட்டைமாடியிலிருந்து கூட்டத்தின் மீது பன் வீசுவார்கள். ஆமாம், தின்கிற பன்தான்!

பழைய கார் பிரியர்கள் இங்கே வருவது பன்னுக்காக அல்ல. எம்.ஜி. ஸ்போர்ட்ஸ் கார்கள் 1929 முதல் 1980 வரை தயாரான ஊர் இது. 1962-ல் வந்த ‘எம்.ஜி.பி’ மாடல் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது. ஆலை மூடி நாற்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனால், எம்.ஜி. கார் கிளப்பின் அலுவலகம் இன்னமும் பழைய ஆலையை ஒட்டி, சிமெட்ரி ரோட்டில்தான் இருக்கிறது. தெருவின் பெயர்தான் கல்லறை. கார்கள் என்னவோ நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஓடவைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆசை ஆசையாக ஒரு எம்.ஜி.பி-யை வாங்கி, முதல் நீண்ட பயணமாக அபிங்டனுக்குக் கிளம்புபவரை நடுவழியில் நிறுத்தக்கூடியது கிளட்ச். அந்த நேரத்தில் அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: இது சின்னச் செலவா, பெரிய செலவா?

பெடல் தொளதொளவென்று தரை வரை இறங்கி, கியர் போட்டால் ‘கரகர’ என்று கத்துகிறதா? முதலில் பானட்டைத் திறந்து கிளட்ச் ஆயில் டப்பாவைப் பார்க்க வேண்டும். அளவு குறைந்திருந்தால் மாஸ்டர் சிலிண்டரிலோ, கியர் பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரிலோ ரப்பர் சீல் போயிருக்கலாம். வருடக்கணக்கில் ஷெட்டில் தூங்கிய வண்டிகளில் இது சகஜம். சிலிண்டரை மாற்றி, குழாயில் உள்ள காற்றை வெளியேற்றினால் வண்டி ரெடி.

இன்ஜின் மட்டும் உறுமுகிறது, வேகம் ஏறவில்லை, கூடவே தீய்ந்த வாடை என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. பர்ஸைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். எம்.ஜி.பி-யில் கியர் பாக்ஸை மட்டும் கீழே இறக்க வழியில்லை. பானட், ரேடியேட்டர், ஒயர்கள் எல்லாவற்றையும் கழற்றி, வார்ப்பிரும்பு இன்ஜினைக் கிரேனில் தொங்கவிட்டு வெளியே எடுக்க வேண்டும். உதிரிபாகத்தின் விலையைவிடக் கூலிதான் அதிகம். அதனால் விவரமான மெக்கானிக் பிளேட்டோடு நிறுத்தமாட்டார். பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றுவார். இன்ஜினின் பின்பக்கம் ஆயில் கசிகிறதா என்றும் பார்ப்பார். ஆயில் பட்டால் புது பிளேட்டும் வழுக்கும்.

பாகங்கள் கிடைக்குமா என்ற கவலை வேண்டாம். அபிங்டனுக்குப் பக்கத்தில் உள்ள விட்னியில் எம்.ஜி.பி-க்கு முழு பாடியையே புதிதாகச் செய்து கொடுக்கிறார்கள்!

இந்த ரிலீஸ் பேரிங்கில் குண்டுகள் கிடையாது. வெறும் கார்பன் வளையம். பெடலில் காலை வைத்தபடியே காத்திருந்தால் அது தேய்ந்துகொண்டே போகும். 1416-ல் கட்டத் தொடங்கிய அபிங்டன் பாலம் குறுகலானது. அங்கே வண்டிகள் ஊர்ந்து நிற்கும்போதெல்லாம் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, இடது காலைப் பெடலிலிருந்து எடுத்துவிடுவது நல்லது.