பின்சந்து

ஊர் ஞாபகமாகவே இருக்கிறது என்றால், மாயவரமா என்று கேட்கிறார்கள். மாயவரத்துக்கு என்ன, நினைத்தால் ராத்திரி ரயிலேறி விடியற்காலை இறங்கிவிடலாம். நான் சொல்வது இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹம் நகருக்கு மேற்கே, டீர்னஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரு பழைய நிலக்கரிச் சுரங்க ஊரை. கேட்பவர் முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு வரும். லண்டன் என்று சொல்லியிருந்தாலாவது மரியாதையாக இருந்திருக்கும்.

அழகைப் பார்த்து நாங்கள் அங்கே போகவில்லை. வாடகையைப் பார்த்துப் போனோம். என் கணவருக்கு டர்ஹம் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. நகரத்துக்குள் வீட்டை அறை அறையாகப் பிரித்து மாணவர்களுக்கு விடுவதில்தான் காசு. குடும்பத்துக்கு முழு வீடு என்றால் சம்பளத்தில் பாதி அதற்கே போய்விடும். பஸ்ஸில் அரைமணி நேரம் மேற்கே போனால் விலை சரிந்துவிடுகிறது. கீழே இரண்டு அறை, மேலே இரண்டு அறை, பின்னால் சிறு முற்றம், முற்றத்துச் சுவரில் ஒரு கதவு, கதவைத் திறந்தால் சந்து. இத்தனை மலிவு எங்கிருந்து வந்தது என்று போன புதிதில் கேட்கத் தோன்றவில்லை.

விடை ஊர் எல்லையிலேயே நின்றுகொண்டிருந்தது. ஒரு பழைய நிலக்கரி வண்டி, அதில் மண் நிரப்பிப் பூச்செடி. அந்த வட்டாரத்தில் பல ஊர்களின் வாசலில் இப்படி ஒன்று இருக்கும். சில ஊர்களில் சுரங்கத்தின் கப்பிச் சக்கரத்தைப் பாதி புதைத்து வைத்திருப்பார்கள். எங்கள் பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் 1960களில் ஒவ்வொன்றாக மூடின. தண்டவாளத்தைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். ரயில் போன தடம் இப்போது நடைபாதை. கடலோரத்துப் பெரிய சுரங்கங்கள் 1993 வரை தாக்குப்பிடித்தன. இதற்கெல்லாம் முன்பே, 1951இல், டர்ஹம் கவுண்டியின் வளர்ச்சித் திட்டம் 114 ஊர்களை ‘டி’ பிரிவில் தள்ளியிருந்தது. அங்கே புதிதாக எதுவும் கட்டக்கூடாது, காசு செலவழிக்கக்கூடாது, ஆட்கள் போகப்போக ஊரே இல்லாமல் போகட்டும் என்பது கணக்கு. பெரும்பாலான ஊர்கள் போக மறுத்துவிட்டன. அந்த எழுத்தைச் சொல்லும்போது வயதானவர்களின் குரல் இன்னும் மாறும். எங்கள் குறைந்த வாடகை, யாரோ வேலையிழந்து போனதில் விழுந்த தள்ளுபடி.

முன்கதவு கல்யாணத்துக்கும் சாவுக்கும்தான். வாழ்க்கை முழுவதும் பின்சந்தில். எதிரெதிராக இரண்டு வரிசைச் செங்கல் வீடுகளின் முதுகுகள், நடுவில் ஒரு கார் போகிற அகலம். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் கொடி கட்டித் துணி உலர்த்துவார்கள். நீளக் கழியால் கொடியை உயர்த்திவிட்டால் காற்று பிடித்துக்கொள்ளும். ஊரின் படுக்கை விரிப்புகள் எல்லாம் ஒரே பக்கமாகப் பறக்கும். குப்பை லாரி வரும் நாளில் அவசர அவசரமாக அவிழ்ப்பார்கள். மழை தூறினால் யாராவது ஒருவர் குரல் கொடுப்பார்: “மழை, பெட்!” செல்லம் என்பதுபோல, அங்கே எல்லோரும் எல்லோருக்கும் ‘பெட்’தான். நான் வெளியே போயிருந்தால், திரும்பி வரும்போது என் துணிகள் மடித்து, ஒரு பையில், பின்கதவுத் தாழ்ப்பாளில் தொங்கும். யார் எடுத்தார்கள் என்று தெரியாது. நன்றி சொல்லவும் ஆள் கிடைக்காது.

அந்தத் தாழ்ப்பாளின் சத்தம். இரும்பு நாக்கு மேலே எழுந்து விழும்போது வரும் ஒற்றை ‘டக்’. யாரும் கதவைத் தட்டுவதில்லை. தாழ்ப்பாள் விழும் விதத்திலேயே வருவது யார் என்று தெரிந்துவிடும்.

இப்போது நாங்கள் இருப்பது சென்னையில், பழைய மகாபலிபுரம் சாலையில் பதினான்காவது மாடி. முகத்தைக் காட்டினால் கதவு திறக்கும். துணி உலர்த்த இயந்திரம் இருக்கிறது, இருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் பால்கனிக்கு வெளியே துணி தெரியக்கூடாது என்பது சங்கத்தின் விதி. சென்ற மாதம் யாரோ ஒருவர் வீட்டுப் போர்வையைப் படம் பிடித்து, சிவப்பு வட்டமிட்டு, குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தார்கள். மழை வருகிறது என்று சொல்ல ஆளில்லை. மழை வந்ததே கண்ணாடிக்கு வெளியே பார்த்தால்தான் தெரிகிறது.

அங்கே பக்கத்து வீட்டில் ஒரு கிழவர் இருந்தார். பதினைந்து வயதில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். பேசும்போது இருமலுக்கு இடம்விட்டுத்தான் பேசுவார். சந்தின் கோடியில் அவருக்கு ஒரு துண்டுத் தோட்டம், அதில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் புறாக்கள், வெளியே லீக். நம் வெங்காயத்தாளுக்கு அண்ணன் முறை. போட்டிக்கு வளர்த்தால் கைத்தண்டி பருமன். வெள்ளைத் தண்டு ஆறு அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது, பருமனுக்குத்தான் பரிசு. இலையுதிர் காலத் தொடக்கத்தில் ஊர் கிளப்பில் கண்காட்சி நடக்கும். அதற்கு முந்தின வாரங்களில் மனிதர் வீடு தங்கமாட்டார். ஈரத்துணியால் ஒவ்வொரு இலையாக, அடியிலிருந்து நுனிக்கு, இலை கீறிவிடாமல் துடைப்பார். துடைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்ப்பார். மறுபடியும் துடைப்பார். உரத்தில் என்ன கலக்கிறார் என்பதைச் சொந்த மகனுக்கே சொன்னதில்லை. எதிரிகள் ராத்திரியில் வந்து கத்தியால் கீறிவிடுவார்கள் என்று காவல் இருந்த கதைகள் அந்த ஊர்களில் ஏராளம். அவரும் கொட்டகையில் நாற்காலி போட்டுப் படுத்தவர்தான்.

போட்டிக்குத் தேறாத லீக்குகள் எங்கள் வாசலுக்கு வரும். பதிலுக்கு ஒரு நாள் நெய்விட்டுக் கடைந்த பருப்பு கொடுத்தேன். ஒரு கரண்டி வாயில் போட்டுவிட்டு, “இது எங்கம்மா செய்யறது” என்றார். பட்டாணிப் பருப்பைப் பன்றி இறைச்சி வெந்த நீரில் குழைய வேகவைத்துப் பீஸ் புடிங் என்று செய்வார்கள் அங்கே. ஸ்டாட்டி என்ற தட்டையான ரொட்டிக்குள் வைத்துச் சாப்பிடுவது. இறைச்சி விஷயத்தை நான் கிளறவில்லை. “உப்பு கொஞ்சம் கம்மி, பெட்” என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். அந்தக் குரல்தான். காலையில் காபி போடும்போது, காரணமே இல்லாமல், இப்போதும் காதில் விழுகிறது.

எல்லாம் இனிப்பாக இருந்தது என்று சொல்லமாட்டேன். வடக்குச் சுவரில் பூஞ்சை. டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே சூரியன் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு நின்று கால் மரத்துப்போகும். முக்குக்கடை வாசலில் ஒரு பையன் என் நிறத்தைப் பார்த்து ஒரு வார்த்தை எறிந்திருக்கிறான், அதுவும் நினைவிருக்கிறது.

ஆனாலும் ஏப்ரலில் அந்தப் பழைய ரயில்தடத்தில் மேற்கே நடந்து, வேலிமரங்கள் முடிந்து மேட்டு நிலம் திறக்கும் இடத்துக்குப் போனால், கர்லூவின் பாட்டு கேட்கும். நீண்டு வளைந்த அலகுள்ள பறவை. தாழ்வாகத் தொடங்கி, ஏறி, குமிழி குமிழியாக உடைந்து, காற்றோடு போய்விடும் ஒரு குரல். அதே இனம் குளிர்காலத்தில் நம் கோடியக்கரைக்கும் வருகிறது என்று தெரிந்ததும் போன ஜனவரியில் காரெடுத்துக்கொண்டு போனேன். சேற்றில் இருந்தன. ஒன்றிரண்டு சுருக்கமாகக் கத்தின. அந்தப் பாட்டைப் பெரும்பாலும் கூடுகட்டும் நிலத்தில்தான் பாடுமாம். வலசை வந்த இடத்தில் அபூர்வம். பிரிட்டனிலும் 1990களிலிருந்து கூடுகட்டும் கர்லூக்கள் ஏறக்குறைய பாதியாகிவிட்டன.

ஜூலை இரண்டாம் சனிக்கிழமை வந்தால் இருப்புக் கொள்ளாது. 1871இல் தொடங்கிய சுரங்கத் தொழிலாளர் திருவிழா அன்றுதான். ஊர் ஊராகப் பட்டுப் பதாகை ஏந்தி, பித்தளை வாத்தியங்களோடு டர்ஹம் நகருக்குள் நுழைவார்கள். பதாகை படகுப் பாய் அளவு இருக்கும். காற்றடித்தால் இழுத்துப் பிடிக்க முன்னாலும் பின்னாலும் கயிற்றோடு ஆட்கள். 1934இல் வேல்ஸின் கிரெஸ்ஃபோர்டு சுரங்கத்தில் 266 பேர் இறந்தார்கள். அவர்களுக்காக ராபர்ட் செயின்ட் என்ற சுரங்கத் தொழிலாளி அமைத்த மெட்டை வாசிக்கும்போது, அவ்வளவு கூட்டமும் தொப்பியைக் கழற்றிவிட்டு நிற்கும். சுரங்கம் ஒன்றுகூட மிச்சமில்லாத மாவட்டத்தில் ஒவ்வொரு வருஷமும் அதற்காக நடக்கிறார்கள். இங்கே மதியம் பன்னிரண்டரை ஆகும்போது அங்கே காலை எட்டு; வாத்தியங்கள் கிளம்பிக்கொண்டிருக்கும். நான் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருப்பேன்.

சொந்தமில்லாத ஊருக்காக ஏங்குவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. வெளியூரில் வாடகைக்கு இருந்து திரும்பியவர்களுக்கு, உங்களுக்கு, இது தெரிந்திருக்கும். பட்டா கிடையாது, பங்காளி கிடையாது, வருஷத்துக்கு ஒரு தடவை போய்ப் பொங்கல் வைக்கக் குலதெய்வமும் கிடையாது. துக்கத்துக்குக்கூடச் சொல்லியனுப்பமாட்டார்கள். கிழவர் போன செய்தி எனக்குப் பல மாதம் கழித்து, கிறிஸ்துமஸ் அட்டையின் கடைசி வரியாகத்தான் வந்தது. புறாக்களை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று எழுதவில்லை. வீடு ஏலத்துக்குப் போய்விட்டதாம். வாங்கியவர் தெற்கே எங்கேயோ இருக்கிறார், ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லையாம். இப்படி முகம் தெரியாத முதலாளிகள் பெருகித்தான், 2022 முதல் மாவட்டத்தின் பல பகுதிகளில் வாடகைக்கு விட உரிமம் வாங்க வேண்டும் என்று கவுன்சில் விதித்தது.

தூக்கம் வராத ராத்திரிகளில் அந்த ஊரில் விற்பனைக்கு இருக்கும் வீடுகளை வலையில் தேடிப் பார்ப்பேன். படங்களில் சமையலறை வரும், குளியலறை வரும். பின்சந்தைப் படம் எடுக்கமாட்டார்கள். ஒரு தடவை இவர் எட்டிப் பார்த்துவிட்டு, “இந்த ஃப்ளாட்டை வித்தா அங்க ஒண்ணு வாங்கலாம், மிச்சம்கூட இருக்கும். வாங்கிடலாமா?” என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். விசா கிடையாது, வேலை கிடையாது, அம்மாவுக்கு எண்பது வயசு. வாங்கலாம். வாங்கிப் பூட்டிவைக்கலாம். முதலாளி எங்கேயோ இந்தியாவில் இருக்கிறாளாம், ஒரு தடவைகூட வந்து பார்க்கவில்லையாம் என்று யாராவது யாருக்காவது அட்டையில் எழுதுவார்கள்.