முந்நூறா, ஐந்நூறா?

கிளிநொச்சியில் அச்சகங்களுக்குச் சோறு போடுவது புத்தகம் அல்ல. கலியாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், கடைகளுக்கான பற்றுச்சீட்டுப் புத்தகம், ரியூசன் நிலையங்களின் மாதிரி வினாத்தாள், இவற்றோடு கல்வெட்டு. இறந்தவரின் படம், வம்சாவளி, தேவாரம், நன்றி நவிலல் எல்லாம் சேர்ந்து அந்தியேட்டிக்கு முன் கைக்கு வந்துவிட வேண்டிய சிறு நூல் அது. சொந்தக் காசில் புத்தகம் போடும் பழக்கத்தை எங்கள் வீடுகளுக்குள் கொண்டுவந்ததும் அதுதான். கவிதைத் தொகுப்போ ஊர் வரலாறோ கொண்டுவருகிறவரும் அதே மேசைக்கு முன்னால்தான் காத்திருக்க வேண்டும்.

முன்பு வேறு வழியும் இருந்தது. தண்ணீரூற்று அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்தது. அச்சும் விற்பனையும் கொழும்பின் பாடு. இன்று வன்னியில் எழுதுகிறவரே முதல் போடுகிறவர், விற்கிறவர். பஸ்ஸில் பொதி ஏற்றுகிறவரும் பெரும்பாலும் அவரே.

முள்ளியவளைப் பக்கத்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோடு ஏ9 வீதியோரத்து அச்சகம் ஒன்றுக்குப் போயிருந்தேன். தன் ஊரின் குளங்கள், கோயில்கள், பள்ளிக்கூடம், இடப்பெயர்வுகள் பற்றி அவர் எழுதி முடித்திருந்தார். அட்டைக்குக் குளக்கட்டுப் படம், தலைப்புக்குத் தங்க நிற எழுத்து என்பதெல்லாம் முதலே முடிவாகியிருந்தது. அச்சக அண்ணை அட்டையைப் பார்க்கவேயில்லை.

“சேர், எத்தினை அடிக்கப் போறியள்?”

“ஐந்நூறு.”

“வெளியீட்டுக்கு எத்தினை பேர் வருவினம்?”

“ஒரு நூற்றைம்பது பேர் வருவினம்.”

“அப்ப மிச்சத்தை எங்க வைக்கப் போறியள்?”

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கடதாசி, கட்டு, அட்டை எதையும் தீர்மானிக்க முடியாது என்பது என் எண்ணம். எங்கள் புத்தகம் கடையில் விற்பது குறைவு. வெளியீட்டு மண்டபத்தில்தான் விற்கிறது. முதற்பிரதி, சிறப்புப் பிரதி, கடிதவுறைக்குள் வைத்த காசு என்று அந்த ஒரு பின்னேரத்திலேயே அச்சுக்கூலி தேற வேண்டும். தேறாவிட்டால் மிச்சம் கட்டிலுக்குக் கீழே போகும். கறையானுக்கு அணிந்துரையும் ஒன்றுதான், அத்தியாயமும் ஒன்றுதான்.

ஐந்நூறு என்ற ஆசை எங்கிருந்து வருகிறது என்பதை அண்ணை கணக்குப் போட்டுக் காட்டினார். ஓப்செற்றில் பிளேற் செய்வது, மெசினில் பூட்டுவது, மை சரிபார்ப்பது எல்லாம் நூறு அடித்தாலும் ஆயிரம் அடித்தாலும் ஒரே செலவு. அதனால் எண்ணிக்கை கூடக்கூட ஒரு பிரதியின் விலை இறங்கும். ஆனால் கையைவிட்டுப் போகும் மொத்தக் காசு ஏறும். ஐம்பது, நூறு போதும் என்பவருக்கு டிஜிற்றல் அச்சு இருக்கிறது. அதற்குப் பிளேற் தேவையில்லை, பிரதி விலை மட்டும் கீழே இறங்காது. சேர் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தார்.

கடதாசி விலையை அண்ணை பென்சிலால்தான் எழுதினார். 2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. ‘த ஐலன்ட்’, ‘திவயின’ பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பை அச்சிடுவதை நிறுத்தின. அந்த வருசத்துக்குப் பிறகு தான் சொல்லும் விலைக்கு அவர் நீண்ட தவணை கொடுப்பதில்லை.

புத்தகம் ஏ5 அளவு. கணினியில் இருந்த தங்கச்சி பக்கங்களை எண்ணி 171 என்றார். அச்சு ஏறுவது பதினாறு பக்கத் தாள்களாக. பத்துத் தாளில் 160 பக்கம் முடிந்துவிடும். மிச்சப் பதினொரு பக்கத்துக்காக இன்னொரு தாள், இன்னொரு பிளேற், ஐந்து வெற்றுப் பக்கம். எதை வெட்டுவது என்று சேர் கலங்கினார். தங்கச்சி முன்பக்கங்களை விரித்துக் காட்டினார்: ஆசியுரை, வாழ்த்துரை, அணிந்துரை, மதிப்புரை, பிறகு என்னுரை. ஆசியுரையும் வாழ்த்துரையும் மட்டும் பதினான்கு பக்கம். அவை மூன்று பக்கமாகச் சுருங்கின. ஈழத்துப் புத்தகங்களில் பாதிக்கு இந்த வைத்தியம் நல்லது.

எழுத்துப் பிழை பார்ப்பதும் தங்கச்சியின் வேலைதான். இங்கே இன்னும் பலர் பாமினி எழுத்துருவில்தான் தட்டச்சுச் செய்கிறார்கள். யுனிகோட்டுக்கு மாற்றும்போது காலும் ரகரமும் இடம் மாறிக்கிடக்கும், கொம்பு தனியே நிற்கும். திரையில் தப்பிவிடும் பிழை கடதாசியில் அகப்படும் என்று அச்சுப் பிரதி எடுத்துச் சிவப்புப் பேனாவோடு இருந்தார்.

பின்னறையில் இரண்டு அக்காமார் தாள் மடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கடதாசித் துண்டொன்றை நெடுக்காகவும் குறுக்காகவும் மடித்து என் விரலைப் பிடித்துத் தடவ வைத்தார். ஒரு மடிப்பு வழவழவென்று படிந்தது, மற்றது சொரசொரத்தது. கடதாசியின் நார் முதுகுக்கு இணையாக ஓடினால் புத்தகம் விரித்தபடி படுக்கும். குறுக்கே ஓடினால் பக்கங்கள் விறைத்து நிற்கும், மாரிக்குள் முதுகோரம் நெளியும். கடதாசி மிச்சம் பிடிக்கத் தாளைத் திருப்பி வெட்டுகிற இடங்களில் இதுதான் நடக்கிறது என்றார். அவருடைய பெருவிரல் நகம் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது.

கட்டைப் பற்றி அவருக்குத் திடமான கருத்து. முதுகைச் சீவிச் சூட்டுப் பசை ஊற்றினால் வேலை கெதியாக முடியும், பார்வைக்கும் வடிவு. ஆனால் எங்கள் வெயிலில் நாளடைவில் பசை காய்ந்து வெடிக்க, பக்கம் ஒவ்வொன்றாகக் கழரும். “ஊர் வரலாறு எண்டால் பள்ளிக்கூடப் பிள்ளையள் புரட்டுவினம், ஒப்படைக்கு ஃபோட்டோக் கொப்பி அடிப்பினம். நூல் தையல்தான் தாங்கும் சேர்” என்றார். பத்து மடிப்பையும் தைக்கக் கூலி கூடும். அட்டையின் தங்க எழுத்தை விட்டால் அந்தக் காசில் பெரும்பகுதி வந்துவிடும். சேர் பதில் சொல்லவில்லை.

வெளிநாட்டுப் பிரதிகளைக் கிலோக் கணக்கில்தான் அனுப்ப வேண்டும். 80 ஜிஎஸ்எம் கடதாசியில் அட்டையோடு ஒரு பிரதி ஏறத்தாழ 215 கிராம். கனடாவுக்கு நூறு என்றால் இருபத்தொரு கிலோவுக்கு மேல். 70 ஜிஎஸ்எம் போட்டால் இரண்டரைக் கிலோ குறையும், ஆனால் மறுபக்க எழுத்து நிழலாடும், பழைய படங்கள் கறுத்துப்போகும். கடைசியில் எழுத்துக்கு 70, படங்களை ஒன்றுசேர்த்து நடுவில் எட்டுப் பக்கம் ஆர்ட் கடதாசி என்று பேசி முடித்தார்கள். இது எனக்கும் சரியாகவே பட்டது. அட்டைக்கு மட் லமினேசன். ஒரு பக்கம் மட்டும் பிளாஸ்ரிக் ஒட்டிய அட்டை ஈரக்காற்றில் வெளிப்பக்கம் சுருளும் என்பதால் மெல்லிய அட்டை வேண்டாம் என்று வெட்டு மெசினில் நின்ற தம்பி குறுக்கே சொன்னார்.

சர்வதேச தராதர நூல் எண்ணைக் கொழும்பு 7இலுள்ள தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபையிடம் எழுதியவரே விண்ணப்பித்துப் பெறலாம். இப்போது 978-624 என்று தொடங்கும். அச்சாவதற்கு முன்பே எண் கையில் இருக்க வேண்டும், பின்னட்டையில் கோட்டுக்குறியோடு ஏற வேண்டும்.

எண்ணிக்கைக்கு மீண்டும் வந்தபோது சேர் பழையதொன்றைச் சொன்னார். அவருடைய முதல் கவிதை நூலின் இருநூறு பிரதிகள் 2009இல் வீட்டோடு போயின. கையில் ஒன்றுகூட இல்லை. யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவரின் அலுமாரியில் மட்டும் ஒன்று கிடந்தது. அதனால்தான் இம்முறை ஐந்நூறு. அண்ணை மறுத்துப் பேசவில்லை. ஐந்நூறையும் ஒரே வீட்டில் வைத்தால் அதே கதைதானே என்று மட்டும் கேட்டார். முந்நூறு அடித்து, அதில் முப்பதை முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, யாழ்ப்பாண நூலகங்களுக்குக் கொடுத்து, 2005இலிருந்து இயங்கும் நூலகம் இணையத்துக்கு ஒரு பிரதியும் பிடிஎவ் கோப்பும் அனுப்புவதென்று தீர்ந்தது. அச்சுக்குப் போகும் இறுதிக் கோப்பைப் பென் டிரைவில் தரவேண்டும் என்று சேர் பற்றுச்சீட்டின் அடியில் எழுதுவித்தார். மறுபதிப்புக்கு அச்சகத்தின் கணினியை நம்பியிருக்க அவர் தயாரில்லை.

முற்பணத்தை எண்ணி வைத்தபின், தங்க எழுத்துக்குத் தனியாக எவ்வளவு என்று கேட்டார்.