டோர்ச் வெளிச்சத்தில் பார்த்த லென்ஸ்

பண்ணைப் பாலத்தால் தீவுப் பக்கம் போய் வருகிறவர்களுக்குத் தெரியும். மாரி முடிகிற காலத்தில் மண்டைதீவுப் பக்கத்துக் களப்பில் பூநாரைகள் வந்து நிற்கும். பஸ்ஸிலிருந்து பார்த்தால் வெறும் வெள்ளைப் புள்ளிகள். பறக்க எழும்பும்போதுதான் செட்டைக்குள் இருக்கும் சிவப்புத் தெரியும். எனது கமராவால் அவற்றைப் படம் எடுத்து வந்து உம்மாவிடம் காட்டினேன். உம்மா படத்தை இரண்டு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்ல வானம். பறவை எங்க?" என்றார்.

கமரா, சாச்சா கட்டாரிலிருந்து கொண்டு வந்த கெனன் 1200டி. அதோடு வந்த 18-55 லென்ஸ் வீட்டு விசேஷத்துக்கும் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கும் போதும். களப்பின் நடுவில் நிற்கும் பறவைக்குப் போதாது. தூரத்தைக் கிட்டக் கொண்டுவரும் சூம் லென்ஸ் ஒன்று வேண்டும் என்ற ஆசை அன்று பிடித்தது.

இந்தக் கமராவைக் குரொப் சென்சர் கமரா என்பார்கள். பழைய பிலிமின் ஒரு சட்டம் 36 மில்லிமீற்றர் அகலமும் 24 மில்லிமீற்றர் உயரமும் உடையது. என் கமராவின் சென்சர் ஏறத்தாழ 22 க்கு 15 தான். உம்மா தையல் தைப்பவர் என்பதால் அவருக்கு இப்படி விளங்கப்படுத்தினேன்: துணி அதேதான், ஓரத்தை எல்லாம் வெட்டிவிட்டு நடுப்பூவை மட்டும் சட்டம் போட்டு மாட்டுகிறோம், பூ பெரிதாகத் தெரிகிறது, ஆனால் பூ வளரவில்லை. கெனனில் இந்தக் கணக்கு 1.6. அதாவது 250 மில்லிமீற்றர் குவியத்தூரம் கொண்ட லென்ஸ், பெரிய சென்சரில் 400 மில்லிமீற்றர் லென்ஸ் காட்டும் காட்சியைக் காட்டும். சின்னக் கமரா வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்கும் ஒரே இலாபம் இதுதான் என்று நினைக்கிறேன்.

புதிய லென்ஸ் பற்றி வீட்டில் பேசவே முடியாது. 2022 மார்ச்சுக்கு முன்னர் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில கிழமைகளுக்குள் 300 ஐத் தாண்டியது. வெளிநாட்டிலிருந்து வரும் எல்லாச் சாமானின் விலையும் அதோடு ஏறியது. ஆகவே பழையதுதான் வாங்கலாம் என்று முடிவாயிற்று. வாப்பா பழைய இரும்பு வியாபாரம் செய்கிறவர். "பழைய சாமான் வாங்கப் போற ஆள் என்ன விலை என்டு கேட்கிறதுக்கு முன்னால, ஏன் விற்கிறீங்க என்டு கேட்கணும்" என்றார். நான் அதைக் கேட்கவில்லை. அவசரம்.

முதல் வாங்கியது கெனன் 75-300. விளம்பரம் போட்டவர் கொழும்புப் பக்கம். 18,000 ரூபா. 300 என்ற எண்ணைக் கண்டதும் 250 ஐ விடப் பெரியதுதானே என்று மனம் போய்விட்டது. பொதி வந்து சேர்ந்த அன்றிரவு கையடக்கத் தொலைபேசியின் டோர்ச்சைப் போட்டு லென்ஸின் பின்பக்கம் பிடித்து முன்பக்கத்தால் பார்த்தேன். உள்ளே ஒரு கண்ணாடியில் சிலந்தி வலை போல, மரத்தின் வேர் போல, மெல்லிய வெள்ளைக் கிளைகள். பங்கசு.

ஈரக்காற்றில் பூட்டி வைத்த லென்ஸுக்குள் பங்கசு பிடிக்கும். தூசி என்றால் பயமில்லை, கொஞ்சம் தூசி இருந்தாலும் படத்தில் பெரும்பாலும் தெரியாது. பங்கசு அப்படியல்ல. அது வளரும்போது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சைத் தின்றுவிடும். பிறகு துடைத்தாலும் தடம் போகாது. வெளிச்சத்தைப் பார்த்து எடுக்கும் படங்கள் எல்லாம் பால் கலந்தது போல வெளுறும். எனது படங்கள் அப்படித்தான் வெளுறின. போதாததற்கு அந்த 75-300 இல் கை நடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பும் கிடையாது. 300 இல் வைத்துக் கையில் பிடித்து எடுப்பதென்றால் செக்கனில் 500 இல் ஒரு பங்கு வேகமாவது வேண்டும். பூநாரைகள் கிட்ட வருகிற பின்னேர வெளிச்சத்தில் அந்த வேகம் கிடைக்காது. இதையெல்லாம் வாங்கிய பிறகுதான் படித்தேன். விற்றவருக்கு அழைப்பு எடுத்தேன். முதல் தரம், "அனுப்பும்போது நல்லாத்தான் இருந்தது" என்றார். இரண்டாம் தரம் எனது இலக்கத்தைத் தடை செய்திருந்தார்.

இனி நான் செய்ததை எழுத வேண்டும். இந்தக் கட்டுரையை எழுதத் தயங்கியதும் இதற்காகத்தான்.

அந்த லென்ஸை விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம் என்று நினைத்தேன். மேசையில் உம்மாவின் பூத்துணியை விரித்து, லென்ஸை அதன் மேல் வைத்து, யன்னல் வெளிச்சத்தில் முன்பக்கமாக நான்கு படங்கள் எடுத்தேன். முன்பக்கமாகப் பார்த்தால் பங்கசு தெரியாது. 16,000 ரூபா என்று விளம்பரம் போட்டேன். பங்கசு பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. பொய்யும் எழுதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் வவுனியாவிலிருந்து ஒரு தம்பி பேசினான். பத்தாம் வகுப்பாம், பாடசாலை ஊடகக் கழகத்தில் இருக்கிறானாம். மாமா காசு தருவதாகச் சொல்லியிருக்கிறாராம். "அக்கா, லென்ஸ் கிளீனா?" என்று கேட்டான். நான், "நாளைக்குப் படம் அனுப்புறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தக் கிழமை வகுப்பில் இஸ்லாமிய நாகரிகப் பாடத்தில் வியாபார ஒழுங்குகள். பொருளில் மறைந்திருந்த குறை பிறகு தெரியவந்தால் வாங்கியவர் திருப்பிக் கொடுக்கலாம் என்ற உரிமைக்குக் கியாருல் ஐப் என்று பெயர். குறிப்புக் கொப்பியில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தேன். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட சம்பவமும் அதே பக்கத்தில் இருந்தது. நனைந்த தானியம் அடியில், காய்ந்தது மேலே. மழை பட்டுவிட்டது என்றார் விற்றவர். அப்படியென்றால் ஆட்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கலாமே என்று கேட்டார்கள். எனக்கு அந்தச் சம்பவம் சிறு வயதிலிருந்தே தெரியும். மத்ரஸாவில் அதைச் சொல்லிப் பரிசும் வாங்கியிருக்கிறேன். பூத்துணியில் வைத்து எடுத்த நான்கு படங்களும் குவியலின் மேற்பக்கம் என்று அதுவரை தோன்றவில்லை.

அன்றிரவு லென்ஸின் பின்னால் டோர்ச்சைப் பிடித்து, பங்கசு நன்றாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து அவனுக்கு அனுப்பினேன். வாங்க விரும்பினால் விலையைக் குறைக்கலாம் என்றும் எழுதினேன். அவன், "நன்றி அக்கா" என்று மட்டும் பதில் போட்டான். அவ்வளவுதான். உண்மையைச் சொல்லிவிட்டேன், அல்லாஹ் இதைவிட நல்ல விலைக்கு ஓர் ஆளைக் காட்டுவான் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்தேன். யாரும் வரவில்லை. விளம்பரத்தில் டோர்ச் படத்தைச் சேர்த்த பிறகு கேட்பாரே இல்லை. கடைசியில் கமரா திருத்தும் ஒருவர் உதிரிப்பாகத்துக்கென்று 4,000 ரூபாவுக்கு எடுத்தார். எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை.

சுருவிலில் ஓர் ஐயாவிடம் 55-250 லென்ஸ் இருப்பதாக வாப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் சொன்னார். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை வாப்பாவின் மோட்டார் சைக்கிளில் போனோம். அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணை தாண்டிப் போகப் போக வீடுகள் குறைந்து பனைகள் கூடின. ஐயாவின் வீடு கடற்கரைக்குக் கிட்ட. முன்னர் கலியாண வீடு, கோயில் திருவிழா, பெருநாள் என்று தீவு முழுவதும் படம் எடுத்தவராம். இப்போது கண்ணில் வெள்ளை படர்ந்திருக்கிறது.

இந்த முறை வாப்பா முதலில் கேட்டார். "ஏன் அண்ணை விற்கிறீங்க?"

"கண் தெரியேல்லை நானா. வெளிநாட்டிலை இருக்கிற மகன் வாங்கித் தந்தது. பெட்டிக்குள்ளை கிடந்து பழுதாகிறதை விட ஒரு பிள்ளை பாவிக்கட்டும்."

காற்றுப்புகாத பிளாஸ்டிக் பெட்டியில், மருந்துப் போத்தல்களில் வரும் சிலிக்கா ஜெல் பைகளோடு அதை வைத்திருந்தார். கெனன் ஈஎஃப்-எஸ் 55-250, 2013 இல் வந்த எஸ்ரிஎம் வகை. 375 கிராம்தான். இந்த வகை குரொப் சென்சருக்கென்றே செய்தது. கெனனின் பெரிய சென்சர் டிஎஸ்எல்ஆர் கமராவில் பூட்ட ஏலாது. நான் கேட்பதற்கு முன் அவரே சொன்னார்: "பிள்ளை, உது ஒருக்கா மேசையாலை விழுந்தது. மூடிக் கவசம் உடைஞ்சு போச்சுது. 55 இலை எடுத்தா இடப்பக்கக் கீழ் மூலை கொஞ்சம் மங்கும். நீட்டி எடுத்தா ஒண்டும் தெரியாது. நீங்களே எடுத்துப் பாருங்கோ."

உதயன் பத்திரிகைத் தாள் ஒன்றைச் சுவரில் அவரே ஒட்டினார். லென்ஸைப் பூட்டி 55 இல் ஒன்று, 135 அளவில் ஒன்று, 250 இல் ஒன்று எடுத்தேன். படத்தைப் பெருப்பித்து நான்கு மூலைகளிலும் எழுத்துகளை வாசித்தேன். அவர் சொன்ன மூலை, அவர் சொன்ன அளவுதான் மங்கியது. சூம் வளையத்தைச் சுற்றும்போது மண் அரைபடும் சத்தம் வருகிறதா என்று காதோடு வைத்துக் கேட்டேன். கடற்கரையில் பாவித்த லென்ஸுக்கு அது முக்கியம். சத்தம் இல்லை. பிறகு டோர்ச். உள்ளே நாலைந்து தூசி. வேர் இல்லை. நான் மூன்றாம் தரமும் டோர்ச்சைப் பிடித்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"முந்திச் சூடு பட்டிருக்கிறியள் போல. பங்கசு எண்டா எனக்குத் தெரியும் பிள்ளை. 90 இலை தீவை விட்டு ஓடேக்கை என்ரை நெகற்றிவ் எல்லாம் தகரப் பேணிகளுக்குள்ளை அலுமாரியிலை விட்டிட்டுப் போனனான். திரும்பி வந்து திறந்தா முகம் ஒண்டும் இல்லை. எல்லாத்தையும் பூஞ்சணம் திண்டிட்டுது."

பிலிமில் படம் பதிந்திருக்கும் பூச்சு ஜெலற்றினால் ஆனது. பங்கசுக்கு அது உணவு.

வாப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாங்களும் அந்த வருசம்தான்" என்றார். 1990 ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு வெளியேறக் கொடுக்கப்பட்டது இரண்டு மணித்தியாலம். வாப்பாவுக்கு அப்போது ஒன்பது வயது. வாப்பும்மாவின் கலியாணப் படம், பெரியப்பா சின்னவராக இருந்த படம் ஒன்றும் எங்களிடம் இல்லை. வாப்பும்மா இளமையில் எப்படி இருந்தார் என்று எனக்குக் காட்ட ஒரு துண்டுத் தாள் கிடையாது. ஐயா, "எப்ப திரும்பி வந்தனீங்கள்?" என்று கேட்டார். வாப்பா, "பத்தில" என்றார். இருவரும் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. உள்ளேயிருந்து பிளேன்ரீ வந்தது.

விலை 42,000. என்னிடம் இருந்தது உம்மாவின் சீட்டுக் காசு 20,000, சேர்த்து வைத்த பெருநாள் காசு 11,000, பங்கசு லென்ஸின் 4,000. வாப்பா 36 என்று தொடங்க, ஐயா 40 என்று இறங்க, 39 இல் முடிந்தது. குறைந்த நாலாயிரத்தை வாப்பா சட்டைப்பையிலிருந்து எடுத்தார். அது மோட்டார் சைக்கிளுக்குப் பின் டயர் போட வைத்திருந்த காசு என்பது எனக்குத் தெரியும். தெரியாதது போல நின்றேன்.

"கரைக்குப் போய் ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ, சரியில்லாட்டி இப்பவே காசைத் திருப்பித் தாறன்" என்று ஐயா சொன்னார். கியாருல் ஐப் என்ற சொல் அவருக்குத் தெரிந்திருக்காது.

சுருவில் கரையில் காற்று பலம். தொலைவில் அனலைதீவு ஒரு கோடாகத் தெரிந்தது. லென்ஸை 250 வரை நீட்டிப் பொத்தானைப் பாதி அழுத்தினேன். உள்ளே மெல்லிய இரைச்சல் கேட்டது, துள்ளிக்கொண்டிருந்த காட்சி யாரோ கையால் பிடித்தது போல நின்றது. நடுக்கத்தைச் சமன்செய்யும் அமைப்பு என்று படித்ததெல்லாம் இதுதானா என்று சத்தமாகவே சிரித்துவிட்டேன். கோடாக இருந்த தீவில் பனைகள் தனித்தனியாக நின்றன. வள்ளம் ஒன்றில் நின்றவர் வலையை உதறுவதும் தெரிந்தது. அவருக்கு என்னைத் தெரிந்திருக்காது. அதனால் அந்தப் படத்தை எடுக்காமல் கமராவைக் கொஞ்சம் திருப்பினேன். இந்த லென்ஸால் வரும் இன்னொரு பொறுப்பு அது என்று அப்போதுதான் பட்டது.

திரும்பும் வழியில் மண்கும்பான் வெள்ளைக்கடற்கரைப் பள்ளிவாசலில் வாப்பா அஸர் தொழுதார். பண்ணைக்கு வரும்போது வெளிச்சம் இறங்கிவிட்டது. அன்று பூநாரை ஒன்றுகூட இல்லை. இரண்டு கிழமை கழித்துத்தான் கிடைத்தன. பதினேழு பறவைகள். ஒன்று செட்டையை விரித்தபோது எடுத்த படத்தில் சிவப்பு நன்றாக விழுந்திருக்கிறது, தலை மட்டும் வெட்டுப்பட்டுவிட்டது. உம்மா அதைத்தான் தனது தொலைபேசியின் முகப்பில் போட்டிருக்கிறார். வாப்பும்மாவையும் நிறையப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். அதற்கு 250 தேவையில்லை. ஆனாலும் கமராவைக் கிட்டக் கொண்டுபோனால் முந்தானையை இழுத்து முகத்தை மூடுகிறார். முற்றத்தின் மறுகரையில் நின்று எடுத்தால் அவருக்குத் தெரிவதில்லை. எடுத்த பிறகு காட்டி அனுமதி கேட்பேன். இரண்டை அழிக்கச் சொன்னார், அழித்தேன்.

ரமழானில் ஒருநாள் தராவீஹ் முடிந்து வந்தபோது வட்ஸ்அப்பில் வவுனியாத் தம்பியின் செய்தி இருந்தது. ஒரு லென்ஸ் பார்க்கப் போயிருக்கிறானாம். கறுப்பாக ஒரு படமும் அனுப்பியிருந்தான். "அக்கா, டோர்ச் எந்தப் பக்கம் பிடிக்கிறது? ஒண்டும் தெரியுதில்லை."

"பின்பக்கம் பிடி" என்று எழுதினேன். "பின்மூடியைக் கழட்டினியா?"

கழற்றவில்லையாம்.